மனித உரிமைச் சட்டத்தில் வெளிநாட்டு எல்.எல்.எம்.: நாற்பது லட்சத்துக்குத் தகுமா?

"அக்கா, நானும் அப்ளை பண்ணலாமா?" என்று போன மாதம் மட்டும் மூன்று ஜூனியர்கள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் நீள நீளமாகக் குரல் பதிவு அனுப்பி எனக்கே அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நான் மதுரைக்காரி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஐந்து வருடம் வழக்காடிவிட்டு 2024 செப்டம்பரில் இங்கிலாந்து போனேன். சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் எல்.எல்.எம்., அதாவது ஒரே வருட முதுநிலைச் சட்டப் படிப்பு. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, குறைகளும் எழுதப்போகிறேன் என்பதால். லண்டனுக்கு வெளியே, ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை போடுவேன். கல்லூரியை முடித்த கையோடு போயிருந்தால் இரண்டுக்கு மேல் தந்திருக்க மாட்டேன், ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் பணம். கட்டணம் இருபதாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். விசாக் கட்டணம் 2024இல் 490 பவுண்டாக இருந்தது. அதோடு அவர்கள் ஊர் மருத்துவ சேவைக்கு என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்கிற சர்சார்ஜ் ஒன்று உண்டு, வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புதானே என்று 776ஐ மட்டும் எடுத்து வைத்திருந்தேன். படிப்பு முடிந்த பிறகும் நான்கு மாதம் சேர்த்து விசா தருவதால் அதற்கும் அரை வருடக் காசு வாங்கிவிட்டார்கள், மொத்தம் 1,164. நம் காசில் ஒன்றேகால் லட்சம், இன்னும் விமானத்தில் ஏறக்கூட இல்லை. அப்புறம் ஒன்பது மாதச் செலவுக்கான பணம் 28 நாள் வங்கிக் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். நான் போனபோது லண்டனுக்கு வெளியே என்றால் 9,207 பவுண்டு, அதற்குப் பிறகு ஏற்றிவிட்டார்கள். வங்கிக் கடனுக்கு அம்மா பெயரில் இருந்த மனையை அடமானம் வைத்தோம். அம்மா கையெழுத்துப் போடும்போது "இதைப் படிச்சா கேஸ் நிறைய வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். அந்தப் பொய்க்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் அணுகிய கன்சல்டன்சி பற்றி ஒரு வார்த்தை. அங்கிருந்த அம்மாள் என்னிடம் கடைசிவரை "ஹ்யூமன் ரிசோர்ஸ் லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறதோ அங்கே தள்ளிவிடுவதில்தான் அவர்களுக்கு அக்கறை, என்னை வணிகச் சட்டத்துக்கு மாற்றவும் பார்த்தார்கள். இந்தப் படிப்புக்குக் கன்சல்டன்சியே தேவையில்லை. பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

இனி படிப்பு. உண்மையில் நல்ல விஷயம் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் மாதத்திலேயே என் ஐந்து வருட அரைகுறை அறிவு வெளியே வந்துவிட்டது. ஐ.நா. மனித உரிமைப் பேரவை வேறு, மனித உரிமைக் குழு வேறு. பேரவையில் இருப்பவை 47 நாடுகள், அங்கே நடப்பது அரசியல். குழுவில் இருப்பவர்கள் 18 நிபுணர்கள், குடிமை அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையை நாடுகள் மதிக்கின்றனவா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நம் ஊர்ப் பத்திரிகைகளில் இரண்டையும் போட்டுக் குழப்பாத நாளில்லை. ஈழத்துப் பத்திரிகைகள் பேரவையைப் பேரவை என்றே சரியாக எழுதுகின்றன, அவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. நான் ஒரு ரிட் மனுவிலேயே இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறேன். எதிர்த்தரப்புக்கும் தெரியாததால் தப்பித்தேன்.

வகுப்பு நடக்கும் விதமும் வேறு. ஆசிரியர் வந்து நோட்ஸ் சொல்லப்போவதில்லை. வாரத்துக்கு இருநூறு, முன்னூறு பக்கம் படித்துவிட்டுப் போய் உட்கார வேண்டும், அவர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச் சாய்ந்துகொள்வார். என் செமினாரில் கொலம்பியாவிலிருந்து ஓர் அரசு வழக்கறிஞர், கென்யாவிலிருந்து நிலவுரிமைக்காக வேலை செய்த ஒருவர், உக்ரைனிலிருந்து வந்த ஒரு பெண், கேப் டவுனிலிருந்து ஒருவர், அப்புறம் ஆங்கிலேயப் பிள்ளைகள் நாலைந்து பேர். கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்படுவது பற்றி 1988இல் அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் தந்த வெலாஸ்கெஸ் ரொட்ரிகெஸ் தீர்ப்பைப் படித்த வாரம், அந்தக் கொலம்பியப் பெண் பேசப் பேச நாங்கள் யாரும் குறுக்கிடவில்லை. ஹோண்டுராஸில் 1981இல் காணாமல் போன ஒரு மாணவனின் வழக்கு அது. யார் கடத்தினார்கள் என்று நேரடியாக நிரூபிக்க முடியாத நிலையிலும், தடுக்கவும் விசாரிக்கவும் தவறியதற்காக அரசே பொறுப்பு என்று சொன்ன தீர்ப்பு. அதைப் புத்தகத்தில் நான் மதுரையிலேயே படித்திருக்கலாம்தான். ஆனால் அப்படிப்பட்ட கோப்புகளைக் கையில் வைத்து வேலை செய்த ஒருத்தி பக்கத்து நாற்காலியிலிருந்து சொல்லும்போது காதில் விழுவது வேறு.

இன்னொரு வாரம். பாடம் அகதிகளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிற விதி. படிக்கச் சொன்ன முதல் வழக்கு வில்வராஜாவும் மற்றவர்களும் எதிர் ஐக்கிய இராச்சியம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 1991. 1987இல் பிரிட்டனில் தஞ்சம் கேட்டு, மறுக்கப்பட்டு, 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழர்கள். திரும்பிப் போன பிறகு கொடுமைப்படுத்தப்பட்டதாக அவர்களில் சிலர் சொன்னார்கள். ஆபத்து இருக்கலாம் என்கிற வெறும் சாத்தியம் போதாது என்று சொல்லி, உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. வகுப்பில் ஆங்கிலேயப் பையன் ஒருவன் "வில்வரஜா டெஸ்ட்" என்று ஏதோ வேதியியல் பரிசோதனை போல உச்சரித்துக்கொண்டிருந்தான். அவன்மேல் தப்பில்லை. எனக்குத்தான் அன்று பேச வாய் வரவில்லை. கல்லூரி நாட்களில் நான் போய்வந்துகொண்டிருந்த, இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிற இலங்கை அகதி முகாம்களில், இந்தக் கதையின் மறுபாதியைக் கேட்டிருக்கிறேன். அதற்கடுத்து 2008இல் வந்த என்.ஏ. வழக்கையும் சேர்த்தே படிக்க வைத்தார்கள். அவரும் இலங்கைத் தமிழர். பழைய கைதுப் பதிவு, உடம்பிலிருக்கும் தழும்பு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவரை அனுப்பக்கூடாது என்றது அதே நீதிமன்றம். பதினேழு வருட இடைவெளியில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில். இரண்டையும் அருகருகே வைத்து, எந்த வரியில் நீதிமன்றம் திரும்பியது என்று தேட வைத்தார் ஆசிரியர். சட்டம் படித்து வழக்காடிய இத்தனை வருடத்தில் ஒரு தீர்ப்பை நான் அப்படிப் படித்ததே இல்லை. நாம் படிப்பது தீர்ப்பின் தலையில் போடும் சுருக்கமான ஹெட்நோட்டை, மிஞ்சிப்போனால் நமக்குச் சாதகமான பத்தியை.

சிங்கராசா வழக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் பலமும் கையாலாகாத்தனமும் அந்த ஒரே வழக்கில் இருக்கின்றன. சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம், அதில் சிங்களம் படிக்கத் தெரியாத தமிழரின் கைநாட்டு. அதை வைத்து 50 வருடச் சிறை, மேல்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை இல்லை, விடுவியுங்கள் அல்லது மறுவிசாரணை நடத்துங்கள் என்றது. ஜெனிவாவில் ஜெயித்தாயிற்று அல்லவா? 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம், தனிநபர்கள் அந்தக் குழுவிடம் முறையிட வழிவிடுகிற நெறிமுறையில் 1997இல் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவே இல்லை என்பதால் நமக்குச் சாத்துவதற்குக் கதவுகூடக் கிடையாது. இதை நான் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது நகைச்சுவையாகத் தெரியவில்லை.

குறை என்று பார்த்தால் முதலில் பாடத்திட்டத்தின் சாய்வு. பாதிக்கு மேல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். நடைபாதைவாசிகளின் வாழ்வாதாரம் பற்றிய நம் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு 1985இலேயே வந்துவிட்டது, அதற்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு. வீட்டுரிமை பற்றிய தென்னாப்பிரிக்காவின் க்ரூட்பூம் தீர்ப்புக்கு ஒரு முழு வாரம். கேப் டவுன் நண்பரே "உங்கள் ஆட்கள்தானே முதலில் சொன்னார்கள்" என்று கேட்டபோதுதான் அந்த விவாதம் நடந்தது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்ததை 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று மாற்ற வைத்தவர் ஹன்சா மேத்தா, நம் நாட்டுப் பெண்மணி. அந்தப் பெயரும் நான் சொல்லித்தான் வகுப்பில் வந்தது.

அடுத்த குறை கொஞ்சம் எரிச்சலானது. நான் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததே ஒரு விருப்பப் பாடத்துக்காக. போன பிறகு, அதை எடுக்கும் பேராசிரியர் விடுப்பில் இருக்கிறார், இந்த வருடம் அந்தப் பாடம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. அவர்களுடைய விதிமுறையில் எங்கோ ஒரு மூலையில் 'பாடங்கள் மாறலாம்' என்று இருக்கிறதாம். சட்டம் படித்தவளே அதைப் படிக்கவில்லை, என்ன சொல்ல. சேர்வதற்கு முன்னால் துறைக்கு எழுதி, இந்தப் பாடம் இந்த வருடம் நடக்குமா, யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டு வழிகாட்டியும் அப்படித்தான், கோடையில் ஆறு வாரம் ஆள் அகப்படவில்லை. கடைசியில் அவர் தந்த ஒரு பக்கக் குறிப்பு பிரமாதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

சாப்பாடு, குளிர், நாலு மணிக்கே இருட்டு, இதெல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது. விடுமுறை நாளில் லண்டன் ஈஸ்ட் ஹாம் போய் ஒரு தோசை சாப்பிட்டால் பத்து நாள் தாங்கும். பகுதிநேர வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. நான் ஒரு கேன்டீனில் மணிக்கு 11.44 பவுண்டுக்கு வேலை பார்த்தேன், அப்போதைய குறைந்தபட்சக் கூலி அதுதான். அதில் சாப்பாட்டுச் செலவு ஓடும், கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து இப்படிப்பட்ட முதுநிலைப் படிப்புக்குக் கணவனையோ மனைவியையோ குழந்தையையோ கூட்டிப்போகவும் முடியாது.

கொடுத்த காசுக்கு உருப்படியானது எது என்று கேட்டால் கிளினிக். ஏதாவது ஓர் அமைப்புக்காகவோ ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்காகவோ மாணவர்கள் குழுவாக நிஜ வேலை செய்கிற ஏற்பாடு. எங்கள் குழுவுக்கு வந்தது வீடியோ சரிபார்ப்பு. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு காட்சி எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்பதைக் கட்டடத்தின் நிழல், கடைப் பலகை, மலைக்கோடு, செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் வைத்துக் கண்டுபிடிப்பது, பிறகு அது நீதிமன்றத்தில் நிற்கும்படி பதிவு செய்து பாதுகாப்பது. இதற்கென்றே 2020இல் வந்த பெர்க்லி நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. சந்தேக மரணங்களை எப்படி விசாரிப்பது என்பதற்கு மினசோட்டா நெறிமுறை, சித்திரவதையை மருத்துவ ரீதியாக எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு இஸ்தான்புல் நெறிமுறை. இந்த மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, இன்றைக்கே இறக்கிப் படிக்கலாம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையச் சித்திரவதைக்குப் பிறகு ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்து, மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்த அந்த நாட்களில் கோர்ட் வளாகத்தில் நாங்கள் என்னென்னவோ பேசினோம். இந்த நெறிமுறைகளில் ஒன்றின் பெயர்கூட எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மார்ச்சில் ஜெனிவா போனோம். படிப்புக் கட்டணத்தில் சேராது, தனிச் செலவு, நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேறு. பேரவைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு நாடும் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போகிறது, மைக் தானாக அணைந்துவிடுகிறது. வெளியே வந்தால் சதுக்கத்தில் ஒரு கால் உடைந்த அந்தப் பிரம்மாண்டமான மர நாற்காலி. எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் ஈழப் போரை நிறுத்தச் சொல்லி முருகதாசன் தீக்குளித்தது இங்கேதான், ஈழத்தமிழர்கள் இந்த இடத்தை முருகதாசன் திடல் என்றுதான் சொல்கிறார்கள் என்று கென்யா நண்பரிடம் சொன்னேன். அவர் செல்போனைப் பையில் வைத்துவிட்டார்.

வேலை கிடைக்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். என் வகுப்பை வைத்துச் சொல்வதென்றால், பெரும்பாலோருக்கு எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் உலகம் முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் ஆள் குறைக்க ஆரம்பித்தன, என் தோழி ஒருத்திக்கு வந்திருந்த வேலைக் கடிதம் இரண்டே வாரத்தில் ரத்தானது. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளமே கிடையாது, ஜெனிவா வாடகையைச் சொந்தக் காசில் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் அது. மனித உரிமை படிக்கப் போகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கவா அழவா. படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேடும் விசாவும் 2027 ஜனவரியிலிருந்து இரண்டு வருடத்துக்குப் பதில் பதினெட்டு மாதம்தான். இங்கிலாந்தில் வக்கீலாக வேண்டும் என்றால் அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது, இந்தப் பட்டம் அதற்கு உதவாது. இங்கே சட்டக் கல்லூரியில் ஆசிரியராக நினைப்பவர்கள், வெளிநாட்டு ஒரு வருட எல்.எல்.எம்.மை இரண்டு வருடப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில் பார் கவுன்சிலின் 2020 விதிகளால் இருக்கும் சிக்கலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேறு இடங்கள் உண்டா என்றால் நிறைய உண்டு. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இதே பாடம் இரண்டு வருடம், பக்கத்திலேயே 1984இல் தொடங்கிய ரவுல் வாலன்பெர்க் நிறுவனம். ஆற அமரப் படிக்க விரும்புபவர்களுக்கு அது. வழக்கை விட்டுவிட்டுப் போக முடியாதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பகுதிநேரமாக ஒன்று நடக்கிறது, பெரும்பகுதி வீட்டிலிருந்தே படித்துவிட்டு இரண்டு கோடையில் நேரில் போய்த் தங்கிப் படித்தால் போதும். முன்பே தெரிந்திருந்தால் நான் அதைத்தான் முயன்றிருப்பேன். போர்ச் சட்டத்தில் ஆர்வம் என்றால் ஜெனிவா அகாடமி. இங்கிலாந்திலேயே எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் நாற்பது வருடத்துக்கு மேல் இந்த ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

உதவித்தொகை இல்லாமல் போகாதீர்கள் என்பதுதான் என் பட்டறிவு. பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் முழுச் செலவையும் தரும், இரண்டு வருடத்துக்கு இணையான வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த் இருக்கிறது. லண்டனின் எஸ்.ஓ.ஏ.எஸ்., ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங் மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் ஃபெலிக்ஸ் உதவித்தொகை இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் உண்டு, ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு சம்பந்தப்பட்ட தலைப்புகளுக்குத் தர மாட்டோம் என்று 2022இல் விதியை மாற்றிவிட்டார்கள். சாதிக் கொடுமையை ஆராய வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, மூன்றரை எப்படி வந்தது? என் ஆய்வேடு காவல் மரணங்களில் நடக்கும் நீதித்துறை நடுவர் விசாரணை பற்றியது, மினசோட்டா நெறிமுறையோடு ஒப்பிட்டு எழுதினேன். மதுரையிலிருந்து போகும்போதே அந்தக் கேள்வி என்னிடம் இருந்தது, நான் தோற்ற ஒரு வழக்கிலிருந்து வந்த கேள்வி. அதனால் எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் இது என் வழக்குக்கு உதவுமா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதில் நேராக வந்த பிள்ளைகள் என்னைவிடப் புத்திசாலிகள், என்னைவிட அதிக மதிப்பெண்ணும் வாங்கினார்கள். ஆனால் மே மாதம் வந்தபோது எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து போட்ட முதல் மனு, மறு பிரேதப் பரிசோதனை கேட்டது. குடும்பத்தின் சார்பில் ஒரு மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்பதற்கு மினசோட்டா நெறிமுறையிலிருந்து இரண்டு பத்தி சேர்த்திருந்தேன். "இது எந்தச் சட்டம்மா?" என்று கேட்டார் நீதிபதி. சட்டம் இல்லை மை லார்ட், ஐ.நா.வின் வழிகாட்டி என்று சொல்லிவிட்டு, சர்வதேசச் சட்டத்தை மதிக்கச் சொல்லும் அரசியலமைப்பின் 51(சி), பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா தீர்ப்பில் சர்வதேச உடன்படிக்கையை உச்ச நீதிமன்றம் உள்ளே கொண்டுவந்த விதம், கைது, காவல் விதிகளைச் சொன்ன டி.கே. பாசு தீர்ப்பு என்று வரிசையாக எடுத்து வைத்தேன். ஏழெட்டு நிமிடம் கேட்டார். கேட்ட நிவாரணத்தில் பாதி கிடைத்தது. மருத்துவர் உடனிருந்தார்.

செவ்னிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் சீனியரிடம் இந்த வாரமே சொல்லி வையுங்கள், நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் இழுத்துவிட்டு, கடைசியில் உங்களையே டைப் பண்ணிக்கொண்டு வரச் சொல்வார்.